கண்ணாடிக் குப்பியின் கடைசி ரீல்

எதைக் காட்டினாலும் ஒன்றும் தோன்றாத ஆள் ஒருவன் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் கிடைத்தான்.

சாலிகிராமத்தில் பழைய டப்பிங் தியேட்டர் ஒன்றை வாங்கி மாற்றியிருந்த கூடம் அது. தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. தலையில் ஒரு பட்டையை மாட்டிவிட்டு விளக்கை அணைத்தார்கள். மழைக்கால அறை ஒன்று தெரிந்தது. கொடியில் ஈரத்துணி. கட்டிலின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் நீர்த்துளிகள் இறங்கின. அவள் மெல்லத் திரும்பினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் லேசான வெளிச்சம் மட்டும் இருந்தது.

"யாரு தெரியறா?" என்று கேட்டான் கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரியாஸ்.

"யாரும் தெரியல."

"நல்லா பாரு. கூடப் படிச்ச பொண்ணு, எதிர்வீட்டு அக்கா, யாராவது?"

"முகமே இல்ல. வெளிச்சம்தான்."

ரியாஸ் நாற்காலியைத் திருப்பினான். "மேடம், போன வாரம் ஒரு சாமியாரை உக்கார வச்சுப் பாத்தோம். அவருக்கே மூணு பேர் தெரிஞ்சாங்க. இவன் ஐஸ்ல போட்ட மீன் மாதிரி இருக்கான். இவன்தான் நம்ம பூஜ்யம்."

பின் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார் லோகநாயகி. படத்தின் இயக்குநர். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடும் பழக்கம் உள்ளவர்.

"கல்யாணம் ஆயிடுச்சாப்பா?"

"ஆச்சு. அவ இப்ப இல்ல."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அது ஜெபராஜுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுகூடப் பெரிய வார்த்தை. தொந்தரவாக இல்லை.

படத்தின் பெயர் 'கண்ணாடிக் குப்பி'. எண்பதுகளின் தொடக்கத்தில் காலைக் காட்சியாக மட்டும் ஓடியது. மேகலா என்ற நர்ஸ் பெத்தடின் ஊசிக்கு அடிமை. அவள்மீது பித்தாக இருக்கும் கம்பவுண்டர் மருந்தைத் திருடி வந்து, தன் கையாலேயே போட்டுவிடுகிறான். ஊசி இருக்கும்வரை அவள் தன்னை விட்டுப் போகமாட்டாள் என்பது அவன் கணக்கு. கட்டிலும் ஊசியும் பின்னிக்கொண்ட கதை. ஆனால் அப்படி ஒரு கதை இருந்தது பலருக்கும் தெரியாது. தியேட்டர்காரர்கள் வேறு எதிலிருந்தோ வெட்டிய ஆபாசப் பிட்டுகளை நடுவில் ஒட்டி ஓட்டினார்கள். பிட்டு முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். காலி நாற்காலிகளுக்கு எதற்கு என்று கடைசி ரீலைப் பல ஊர்களில் போடுவதே இல்லை.

"கடைசி ரீல்லதான் படமே இருக்கு," என்றார் லோகநாயகி. "ஊசிய விடணும்னா இவன விடணும்னு அவளுக்குப் புரிஞ்சிடுது. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு, 'நான் போறேன்'ங்கறா. அவ்வளவுதான் வசனம். போயிட்டு வரேன்னு சொல்லல பாத்தியா? நம்ம ஊர்ல பால் வாங்கப் போறவகூட வரேன்னுதான் சொல்லுவா. சாவு வீட்டுல மட்டும்தான் ஒண்ணும் சொல்லாம கிளம்புவாங்க. இவ நின்னு, மூஞ்சியப் பாத்து, போறேன்னு சொல்றா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத மறுபடி எடுக்கறேன்."

"நடிச்சவங்க யாரு?"

"தனலட்சுமி. ஒரே படம். பிட்டுல இருந்தது அவங்க இல்லன்னு எவனுக்கும் தெரியாது. அப்புறம் அவங்கள யாரும் பாக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "படம் ஓடினப்பவும் பாக்கல," என்றார்.

கருவியைப் பற்றி ரியாஸ்தான் சொன்னான், வெங்காய பக்கோடா தின்றுகொண்டே.

"ஹீரோயினுக்கு நாங்க தனலட்சுமியோட உடம்பு, நடை, உதட்டசைவு மட்டும்தான் வச்சிருக்கோம். முகமும் குரலும் பாக்கறவன் மண்டையிலேர்ந்து வரும். யாருக்காக ஏங்கறானோ அவ. அந்தக் கம்பவுண்டர் பைத்தியம் புடிச்சு அலைஞ்சான்ல, அது என்னன்னு டிக்கெட் வாங்கின ஒவ்வொருத்தனுக்கும் தெரியணும்னு மேடத்துக்கு ஆசை."

"அதுக்கு நான் எதுக்கு?"

"ஏக்கத்த எங்கேர்ந்து அளக்கறது? தராசுக்கு வெறும் தட்டு வேணும்ல. தினம் காலைல நீ உக்காந்து ஒரு தடவ பாப்ப. உன் கோடுதான் பூஜ்யம். அதுக்கு மேல ஒருத்தனுக்கு எவ்வளவு இருக்கோ, அதுக்குத் தக்க மிஷின் குடுக்கும்."

"யாருக்காகவும் ஏங்காதவன் வந்தா வெளிச்சம்தான் தெரியுமா?"

"அடியில மேடம் தனலட்சுமி முகத்தயும் குரலயும் வச்சிருக்காங்க. பழைய ரீல்லேர்ந்து எடுத்தது. ஆனா இதுவரைக்கும் ஒருத்தனும் பாக்கல. உன்ன மாதிரி ஆளுக்கு வெளிச்சம், மத்தவங்களுக்கு அவங்கவங்க ஆளு. எதிர்ல இருக்கறது யாருன்னு பாக்கணும்னு நெனக்கறவனுக்குத்தான் அது தெரியும்." ரியாஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரி, நான் கிளம்பறேன்."

ஜெபராஜ் தலையை ஆட்டினான்.

"டேய், போயிட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லேன். காசா பணமா?"

ஜெபராஜ் மறுபடி தலையை ஆட்டினான். இரண்டு வருடமாக அந்த வார்த்தையை அவன் யாருக்கும் சொல்வதில்லை. மனைவி பியூலா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக் கிளம்பும்போது தினமும் அவளிடம் சொன்ன வார்த்தை. கூந்தலை அள்ளிச் சுருட்டிக்கொண்டே, கிளிப்பைப் பல்லில் கடித்தபடி, பாதி வார்த்தைகளை விழுங்கி அவள் சொல்வாள்: "வாரேன் ஜெபா. கேஸ அமத்திரு." அவன் அடுப்பை அணைத்துக்கொண்டே "ம், வா," என்பான். அன்றும் அவள் சொன்னாள், அவனும் சொன்னான். மதியம் வளசரவாக்கத்தில் ஒரு லாரி.

அதன்பின் அவனிடம் எதுவும் நின்றுபோகவில்லை. குளித்தான், சாப்பிட்டான், வாடகை கொடுத்தான். தூத்துக்குடியிலிருந்து அம்மா பேசினால் பதில் சொன்னான். தண்ணீர் கேன் மட்டும் தீரவே மாட்டேன் என்றது. பாதிக்கு மேல் இருக்கும்போதே அடுத்த கேன்காரர் மணியடித்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் வாங்கி வைப்பான். அடுக்களைச் சுவரோரம் நீல நிறத்தில் அவை வரிசையாக நின்றன.

*

ஒரு காலையில் வெளிச்சம் திரும்பியது. பல்லில் கிளிப்.

ஜெபராஜ் அசையவில்லை. அறை அதே மழைக்கால அறைதான். ஆனால் அவள் கன்னத்தில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. அவள் எழுந்து வந்து கம்பவுண்டரின் இடத்தில், அதாவது அவன் இடத்தில், குனிந்தாள். கழுத்திலிருந்து அவளுடைய பவுடர் வாசனை வந்தது. கருவியில் வாசனைக்கு வழி இல்லை என்று ரியாஸ் சொல்லியிருந்தான். கட்டில் காட்சி முடிந்து கடைசிக் காட்சியும் வந்தது. அவள் வாசலில் செருப்பை மாட்டினாள். உதடுகள் மேகலாவுக்காக அசைந்தன. காதில் விழுந்தது வேறு.

"வாரேன் ஜெபா."

ம், வா, என்றான் அவன் மனதுக்குள்.

"என்னடா, வழக்கம்போலத்தான?" என்று ரியாஸ் கேட்டான்.

"வெளிச்சம்தான்," என்றான் ஜெபராஜ்.

அவன் சொன்னதை யாரும் சரிபார்க்க முடியாது. மற்றவர்களின் கோடு ஏறியதா என்று அவன் கோட்டை வைத்துப் பார்த்தார்கள். அவன் கோட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேறு கோடு எதுவும் இல்லை.

அன்றிலிருந்து அவன் முகம் மழித்துக்கொண்டு வேலைக்குப் போனான். பூஜ்யம் வைக்க ஒரு தடவை போதும். "சந்தேகமா இருக்கு, இன்னொரு தடவ பாக்கறேன்," என்பான். "வேலைல இவ்வளவு அக்கறையா? தெரியாத்தனமா நல்லவன எடுத்துட்டோம் மேடம்," என்று ரியாஸ் சிரித்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நீலக் கேன்கள். காலை எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பான். அந்தக் கம்பவுண்டரை நினைத்துக்கொள்வான். அவனாவது மருந்தை அவளுக்குக் கொடுத்தான், இவன் தனக்கே போட்டுக்கொண்டிருந்தான்.

*

வெளியாட்களுக்கு முதன்முதலாகப் படத்தைப் போட்டுக் காட்டிய அன்று ஒரு விஷயம் நடந்தது. படம் முடிந்தது, விளக்கைப் போட்டார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பட்டையைக் கழற்றாமல், கதவு இருந்த திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். லோகநாயகி ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் மிச்சம். மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கோதண்டம்.

"சார், படம் முடிஞ்சிடுச்சு."

"இரும்மா. வரேன்னு சொல்லிட்டுத்தான போயிருக்கா."

"என்ன சொன்னா?"

"போயிட்டு வரேன்னா. வந்துருவா. அஞ்சு நிமிசம் இரு."

எல்லோரையும் கேட்டார்கள். எல்லோர் காதிலும் அதே வசனம். ஒருத்தர் காதிலும் 'போறேன்' விழவில்லை. லோகநாயகி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மறுநாளும் கோதண்டம் வந்தார். அதற்கு மறுநாளும். இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்லிக் கூடத்தின் படியில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவரைப் போல வந்தார். தயாரிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. "எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்களா? அதத்தாம்மா போஸ்டர்ல போடணும்! வெள்ளிக்கிழம ரிலீஸ், எதையும் தொடாத," என்று போனில் கத்தியது வெளியே வரைக்கும் கேட்டது.

நான்காம் நாள் கோதண்டத்தைத் தேடி அவர் மனைவி வந்தார். வசந்தாமணி. கையில் துணிப்பை, நெற்றியில் வேர்வையில் கரைந்த பொட்டு.

"யாரும்மா அவ? காட்டு. மூஞ்சப் பாத்துட்டுப் பூடறேன்."

"உக்காருங்கம்மா," என்றார் லோகநாயகி. "வேற யாரும் இல்ல. அவர் பாக்கறது உங்களத்தான்."

"என்னயா?"

கோதண்டம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அயனாவரத்து வூட்ல... கல்யாணம் ஆன புதுசுல... மாடிப்படில உக்காந்து தல காய வைப்பியே."

வசந்தாமணி அவர் பக்கம் திரும்பினார். "யோவ். நான் இன்னா செத்தா பூட்டேன்? ஒனக்கு ரசம் வச்சுட்டு வூட்ல குந்திக்கினுகீறேன். நீ இங்க வந்து என்னியே தேடிக்கினுகீறியா?"

"வரேன்னு சொல்லிட்டுப் போனா, மணி."

"எவ? நானா? நான் எங்கய்யா போனேன்?"

ரியாஸ்கூடச் சிரிக்கவில்லை. வசந்தாமணி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "வேற எவளாச்சும்னா மயிரப் புடிச்சு இஸ்துப் போட்டிருப்பேன் மேடம். அந்த வயசுக்காரிகிட்ட நான் எப்டிம்மா சண்ட போடறது?"

கணவரின் கையைப் பிடித்து எழுப்பினார். வாசலில் நின்ற ஜெபராஜிடம், "வரோம் தம்பி," என்றார். அவன் தலையாட்டினான். "இன்னா, வாயத் தொறந்து போயிட்டு வாங்கன்னு சொன்னா முத்து உதிர்ந்துருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். கோதண்டம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மனைவியை அல்ல, கூடத்தை.

உள்ளே ரியாஸ் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "எல்லாருக்கும் ஏன் இவ்வளவு ஏறுதுன்னே தெரியல மேடம். கணக்குல ஒரு தப்பும் இல்ல. எல்லாரும் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலதான் இருக்காங்க."

ஜெபராஜ் உட்கார்ந்தான். "தட்டு வெறும் தட்டு இல்ல," என்றான்.

"என்னது?"

"தராசுத் தட்டுல ஏற்கனவே கல் கெடக்கு. நீங்க அதத்தான் பூஜ்யம்னு வச்சு எடை போடுறீங்க, அந்தக் கல்லும் சேந்துதான் எல்லாருக்கும் போகுது. எனக்கு வெளிச்சம் தெரியல. என் பொண்டாட்டி பியூலாதான் தெரியுதா. எனக்கு அவ வாரேன்னு சொல்லுதா. அதான் எல்லாருக்கும் அவங்கவங்க ஆளு அப்படியே சொல்லுதாங்க."

ரியாஸ் கருவியின் பக்கம் திரும்பிப் பழைய கோடுகளைத் தேடி எடுத்தான்.

லோகநாயகி ஜெபராஜுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். குரலில் கோபம் இல்லை. "வெள்ளிக்கிழம இது எல்லா ஊருக்கும் போகுது. தயாரிப்பாளர் மாத்த விட மாட்டார். பூஜ்யம் வைக்கிறது மட்டும்தான் இன்னும் நம்ம கையில இருக்கு. வேற ஆள் தேட நேரம் இல்ல, அப்படி ஆளும் இல்ல. நீதான் எறக்கி வைக்கணும்."

"எறக்கினா?"

"அவ உன்கிட்ட போறேன்னு சொல்லணும். அப்புறம் வர மாட்டா."

"வரலேன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல மேடம்."

"தெரியும்," என்றார் அவர். கோதண்டத்தைக் காரணம் காட்டி வற்புறுத்தவும் இல்லை.

*

காலையில் பட்டையை மாட்டிக்கொண்டான்.

அறை, கொடி, ஈரத்துணி. அவள் திரும்பினாள். இந்தத் தடவை அவன் அவசரமில்லாமல் பார்த்தான். இடது புருவத்தின் மேல் அம்மைத் தழும்பு. கிளிப்பைக் கடித்திருந்ததால் ஒரு பக்கம் தூக்கிய உதடு. அவள் அருகில் வந்தபோது கண்ணை மூடவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அவள் வாசலுக்குப் போனாள். செருப்பைக் காலால் துழாவினாள்.

"வாரேன் ஜெபா."

மறுபடி போடச் சொன்னான். ரியாஸ் போட்டான்.

"வாரேன் ஜெபா. கேஸ அமத்திரு."

மறுபடி. மறுபடி. எத்தனை தடவை கேட்டாலும் அவள் அதைத்தான் சொன்னாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவனுக்குள் 'ம், வா' தயாராக இருந்தது. அவன் சொல்லப்போகும் பதிலுக்கு ஏற்ற வார்த்தையைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளம்புகிறவளிடம் 'போ' என்று அவன் சொன்னதே இல்லை. சண்டையில்கூடச் சொன்னதில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தை புழங்கியதில்லை.

அடுத்த தடவை அவள் செருப்பைத் துழாவும்போதே அவன் பேசிவிட்டான். வாய்விட்டு. கூடத்தில் எதிரொலித்தது.

"போ பியூலா."

அவள் நின்றாள். பல்லிலிருந்த கிளிப்பை எடுத்தாள். அவன் எத்தனையோ தடவை பார்த்த காட்சியில் அவள் அதை எடுத்ததே இல்லை. கூந்தலைச் சேர்த்துக் குத்திக்கொண்டாள். இப்போது வார்த்தைகள் தெளிவாக வந்தன.

"அப்ப போறேன்."

"ம்."

"கேஸு?"

"அமத்திட்டேன்."

அவள் படி இறங்கினாள். வாசல் காலியாக இருந்தது. காலியாகவே இருந்தது. அவன் தன் கையாலேயே பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ரியாஸ் அவன் பக்கம் திரும்பாமல், "எறங்கிடுச்சு மேடம்," என்று மட்டும் சொன்னான். பிறகு எழுந்து போய், தேவையே இல்லாமல், ஏசியைக் குறைத்தான்.

"அடுத்த படத்துக்கு நீ ஆக மாட்ட," என்றான் மத்தியானம். "உன் கோட்ட இப்ப பாத்தேன். ஏதேதோ ஓடுது."

*

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு ஜெபராஜ் வடபழனியில் டிக்கெட் எடுத்தான். இரண்டு இருக்கை தள்ளி வசந்தாமணியும் கோதண்டமும் உட்கார்ந்திருந்தார்கள். "தனியா வுட்டா இங்கியே தங்கிடும். அதான் கூட வந்தேன்," என்று அவனிடம் சொன்னார் வசந்தாமணி. தனக்குக் கொடுத்த பட்டையை அவர் மாட்டிக்கொள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டு முறுக்கு தின்றார்.

படம் ஓடியது. மழைக்கால அறையில் அந்தப் பெண் திரும்பினாள்.

பியூலா இல்லை. வெளிச்சமும் இல்லை.

அகலமான முகம். சற்றே முன்துருத்திய பல். மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி, கொஞ்சம் கோணலாக. யாரையும் அவனுக்கு நினைவூட்டாத முகம். அவள் கூந்தலை ஒதுக்கியபோது முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள் தெரிந்தன. மாதக்கணக்கில் இந்தக் காட்சியைப் பார்த்தவன் அந்தத் தழும்புகளை இப்போதுதான் பார்த்தான். அவளுக்குக் குளிர்ந்தது. தோளில் மயிர் சிலிர்த்திருந்தது. கதைக்காகவோ, அன்று படப்பிடிப்பில் உண்மையாகவே குளிரடித்ததாலோ, தெரியவில்லை. தனலட்சுமி, என்று நினைத்துக்கொண்டான். அவள் போர்த்திக்கொள்ள யாராவது ஒரு துணி கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

கடைசியில் அவள் வாசலில் நின்றாள். அவன் மூஞ்சியைப் பார்த்தாள்.

"நான் போறேன்."

கட்டையான குரல். ஏதோ மேற்கு மாவட்டத்து ஊர்ப் பேச்சின் இழுப்பு அதில் இருந்தது. அரங்கத்தின் இருட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலர் 'போ' என்று முணுமுணுத்தது கேட்டது. சிலர் அழுதார்கள். ஒருவர் எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். விளக்குகள் எரிந்தபோது பெரும்பாலான நாற்காலிகள் மடங்கியிருந்தன.

கோதண்டம் இன்னும் உட்கார்ந்திருந்தார். பட்டையைக் கழற்றினார். பக்கத்தில் முறுக்குத் தூளைத் தட்டிக்கொண்டிருந்த மனைவியை, முதல்முறை பார்ப்பதுபோல அல்ல, பலமுறை பார்த்தவரைப் போலவே பார்த்தார்.

"பூட்டாளா?" என்று கேட்டார் வசந்தாமணி.

"பூட்டா." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா, போலாம்."

ஜெபராஜைக் கடக்கும்போது வசந்தாமணி ஒரு முறுக்கை அவன் கையில் வைத்தார். "வரோம் தம்பி."

அவர் பதிலை எதிர்பார்க்காமல் நகர்ந்துவிட்டார். ஜெபராஜ் முறுக்கோடு எழுந்து நின்றான்.

"போயிட்டு வாங்க," என்றான்.